மாமிக்குச் சொல்லாத நோய்

என் கணவர் ரஞ்சனின் வலது காலை முதலில் காட்டிக்கொடுத்தது அவருடைய மிதவைதான். கோடைகாலத்து ஒரு காலை. நோர்வேயில், ஒஸ்லோவின் ரொம்மனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காருக்குள் ஏறினால் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய காட்டு ஏரி. நான் கரைப் பாறையில் தேநீர்ப் போத்தலோடு இருந்தேன். மீன் பிடிக்க இறங்கிய மனிதர் ஏரியின் நடுவே, ஒரே இடத்தில், இடப்பக்கமாக மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இந்த மிதவையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காற்றடித்த, லாடத்தின் வடிவிலான ஒரு வளையம். நடுவில் ஒரு இருக்கை. நெஞ்சுவரை வரும் ரப்பர் காற்சட்டையைப் போட்டு, பாதங்களில் வாத்தின் பாதம் போன்ற துடுப்புகளை மாட்டிக்கொண்டு அதில் உட்கார வேண்டும். கால்கள் தண்ணீருக்குள் தொங்கும். உதைத்தால் மிதவை பின்பக்கமாகப் போகும். கைகள் இரண்டும் தூண்டிலுக்கு. ரஞ்சன் அதை ‘என்ர கதிரை’ என்பார். வீட்டில் உள்ள எந்தக் கதிரையிலும் அவர் அவ்வளவு நேரம் அமைதியாக உட்கார்ந்ததை நான் கண்டதில்லை.

அவர் பிடித்தது அப்போர் என்ற ஏரிமீன். உடம்பில் கறுப்பு வரிகள், சிவப்புச் செட்டைகள், முதுகில் கையைக் கிழிக்கும் முள். எங்கள் இருவருக்கும் ஊர் திருகோணமலை. கடல்மீன் தின்று வளர்ந்த எங்களுக்கு ஏரிமீன் ஒரு மீனாகவே கணக்கில் வராது. புளியில் ஊறவைத்துப் பொரித்தால் ஏதோ தின்னலாம். கோடையில் ஃபியோர்டுக்குள் (நிலத்துக்குள் நீண்டு வரும் கடல்) கடல் அப்போர் என்ற ஒரு மீனும் வரும். அது நம் கொடுவாவின் உறவு. பாறையில் நின்று அதற்காகத் தவம் கிடப்பார். ஒரேயொரு முறைதான் மாட்டியது. அதன் படத்தை ஊரில் இருக்கும் தன் தாய்க்கு அனுப்பினார். “உதுதான் மீன். நீ மற்ற நாளில காட்டுறதெல்லாம் குளத்துக் குப்பை” என்றார் மாமி.

அன்று காலை அவர் மூன்றாவது தரமும் சுற்றியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இஞ்சாருங்கோ, கோயில் சுத்திறதெண்டா வலப்பக்கமாச் சுத்துங்கோ” என்று கரையிலிருந்து கூப்பிட்டேன். வலது துடுப்பின் பட்டி தளர்ந்துவிட்டது என்றார். கரைக்கு வந்து இறுக்கினார். திரும்ப இறங்கினார். திரும்பவும் சுற்றியது. வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு மரவேரில் கால் தடுக்கி விழப் பார்த்தார். அதற்கும் சிரித்தோம்.

ரஞ்சன் நகரப் பேருந்து ஓட்டுநர். இலையுதிர் காலத்தில் ஒருநாள், ஒரு தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், வலது பாதம் ஒரு மிதியிலிருந்து மற்ற மிதிக்கு உடனே போகவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேருந்து கொஞ்சம் தாண்டி நின்றது, அவ்வளவுதான். ஆனால் அவர் கைத்தடையை இழுத்து, பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டு இறக்கிவிட்டு, வேறு ஓட்டுநரை அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார். வீட்டுக்கு வந்து, “இனி நான் பஸ் ஓடமாட்டன், வதனி” என்றார். பிறகு தன் சீருடையைக் கழுவப் போட்டார்.

அதன் பிறகு வைத்தியர்கள். முதலில் பாதம் தொங்கல் (பாதத்தை மேலே தூக்க முடியாமை) என்றார்கள். முதுகெலும்புத் தட்டு நரம்பை அழுத்துகிறது என்று நினைத்து ஸ்கான் எடுத்தார்கள், உடற்பயிற்சிக்கு அனுப்பினார்கள். பனிக்காலம் முழுவதும் முதுகைத்தான் வைத்தியம் செய்தோம். அவருக்கோ முதுகில் ஒரு வலியும் இல்லை. இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது வலியில்லாமல் பலம் மட்டும் குறைந்துகொண்டு போனால், வெட்கப்படாமல் நரம்பியல் வைத்தியரைக் கேளுங்கள். எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஆனாலும் தேவையில்லாத நம்பிக்கைகளில் ஒரு பனிக்காலம் போயிராது.

தசைக்குள் ஊசி ஏற்றி மின்னோட்டம் பார்க்கும் சோதனை முடிந்து, வைத்தியசாலை நடையில் நாங்கள் மூவரும் காத்திருந்தோம்: அவர், நான், இங்கேயே பிறந்த எங்கள் மகள் தாரணி. நரம்பியல் வைத்தியர் ஒரு உயரமான பெண். எங்களை அறைக்குள் கூப்பிட்டு, மேசைக்குப் பின்னால் போய் உட்காராமல் கதிரையை இழுத்து எங்கள் பக்கத்தில் போட்டார். 

நோயின் பெயர் ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய்). அறிவு மங்காது, கண் காது கெடாது. கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. ஒரு மாத்திரை இருக்கிறது. அது நோயைச் சற்று மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. ரஞ்சன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அடுத்து எது போகும் என்று கேட்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தபோதே தசை துடிப்பதைத் தான் கண்டதாகவும், பேச்சு நெடுங்காலம் இருக்காது என்றும் வைத்தியர் சொன்னார். “யாருக்காவது எதையாவது சொல்ல வேண்டியிருந்தால், உங்கள் குரல் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்” என்றார்.

குரலுக்குப் பதிலாக ஒரு கருவியும் தந்தார்கள். இப்போதே அவருடைய குரலைப் பதிந்து வைத்தால், பின்னர் கண்ணால் எழுத்தைப் பார்க்க, கருவி அவர் குரலிலேயே பேசும். ரஞ்சன் பக்கம் பக்கமாக நொர்ஸ்க் (நோர்வே மொழி) வாசித்துப் பதிந்தார். ஏனென்றால் எங்களுக்குத் தந்த கருவிக்கு நொர்ஸ்க்தான் தெரியும், தமிழ் தெரியாது. எங்களோடு அது போதும். மாமியோடு போதாது. அவரிடம் பேசுவதற்கு ரஞ்சனிடம் இருந்தது தன் சொந்த வாய் மட்டும்தான்.

மாமி எண்பதை நெருங்குகிறவர். திருகோணமலையில் தன் மகள் கலாவோடு இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் வருவார். திரையில் பாதி நேரம் அவருடைய நெற்றிதான் தெரியும். கலாவிடம்தான் முதலில் சொன்னேன். அம்மாவுக்குப் பிரஷர், இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், அண்ணாவுக்குச் சுகமான பிறகு சொல்லுவோம் என்றாள். இது சுகமாகிற வருத்தம் இல்லை, மருந்தில்லாத நோய் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, “அப்பெண்டா சொல்லவே வேண்டாம், மச்சாள்” என்றாள்.

எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த வழிதான். கெட்ட செய்தியை வயதானவர்களுக்குச் சொல்வதில்லை. சாவு வீட்டுக்கே சுகமில்லை என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போவோம். தாரணிக்கு மட்டும் இது விளங்கவில்லை. “உது லொய்ன் அம்மா, சும்மா பொய். அப்பம்மா ஒரு வொக்ஸன் மனிசி, அவவுக்குத் தெரியோணும்” என்று சண்டை பிடித்தாள். ‘வொக்ஸன்’ என்பது வளர்ந்த ஆளுக்கு நொர்ஸ்கில் பாவிக்கும் சொல். நான் மாமியின் பிரஷரைக் காரணம் காட்டி அவளை அடக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரஞ்சனுக்கு நல்ல சேட்டுப் போட்டு, கமெராவில் நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரியும்படி உட்கார வைத்தேன். ஊன்றுகோலைச் சோபாவுக்குப் பின்னால் போட்டேன்.

காலை மறைக்கலாம். நாக்கை எப்படி மறைப்பது? அடுத்த கோடையில் அவருடைய சொற்கள் வழுக்க ஆரம்பித்தன. ‘ள’வும் ‘ழ’வும் ஒன்றாகின, மாலையானால் முழு வசனமும் கூழாகிவிடும். அந்தக் கோடையில் ரொம்மனில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. நான் வேண்டாம் என்றேன். போகாவிட்டால் கேள்வி வரும் என்றார். சாப்பாட்டு வரிசையில் கால் மடங்கி, சோற்றுக் கோப்பையோடு விழுந்தார். தெரிந்த ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டு, கோப்பையை வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு சொன்னார்: “அண்ணை, பிள்ளையள் நிக்கிற இடம். கொஞ்சம் பாத்து எடுங்கோ.”

ரஞ்சன் குடிப்பதில்லை. ஒருநாளும் குடித்ததில்லை. விருந்துகளில் தோடம்பழச் சோடாவோடு ஒரு மூலையில் இருந்துவிட்டு, மற்றவர்களை வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிடும் ஆள். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. அந்த மனிதரைப் பிடித்துக் கேட்க எழும்பினேன். ரஞ்சன் என் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினார். காரில் வரும்போது, வழுக்கும் நாக்கால் மெதுவாகச் சொன்னார். “விடு. குடிகாரன் எண்டா நாளைக்கு மறந்திடுவினம். வருத்தக்காரன் எண்டா வீட்டுக்கு வந்திடுவினம்.” எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனால் ஒருவரும் மறக்கவில்லை. அவர் பேருந்து ஓட்டாததற்கும் காரணம் கிடைத்துவிட்டது: குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறார், லைசன்ஸ் பறித்துவிட்டார்கள். கதை ஒஸ்லோவின் குறொன்லாண்ட் மரக்கறிக் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றி, கடல் தாண்டி, திருகோணமலைக்கும் போய்ச் சேர்ந்தது. எந்த வருத்தத்தை மாமியிடம் இருந்து மறைத்தோமோ, அதற்குப் பதிலாக இன்னொரு வருத்தத்தை நாங்களே அவர் மடியில் கட்டிவிட்டோம். பிரஷரை நினைத்துச் செய்த வேலை அவருடைய பிரஷரைத்தான் ஏற்றியது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நரகமாயின. மகனின் குழறலைக் கேட்டதும் மாமி ஏசத் தொடங்குவார். தகப்பன் குடித்து அழிந்தது போதாதா என்பார். வீட்டில் கலியாணமாகாத ஒரு குமர் இருக்கிறாளே என்பார். அடக்கத் தெரியாத பெண்சாதி என்று எனக்கும் விழும். ரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். ஒருநாள் மாமி கத்தவில்லை; அமைதியாகச் சொன்னார். “தம்பி, நீ குடியை விடுமட்டும் நான் மச்சம் தின்னமாட்டன். அம்மாளாச்சிக்கு நேர்ந்திட்டன்.”

மீன் இல்லாவிட்டால் மாமிக்குச் சோறு இறங்காது. சொதியில் ஒரு தலையாவது மிதக்க வேண்டும். அப்படிப்பட்டவர் மீனை விட்டார். முதலில் சும்மா ஒரு வாரத்துக்கு என்று நினைத்தோம். மாதங்கள் போயின. சோற்றில் தயிரை ஊற்றி இரண்டு வாய் தின்றுவிட்டு எழும்பிவிடுகிறார், சட்டையெல்லாம் தொளதொளவென்று நிற்கிறது என்று கலா சொன்னாள். குடிக்காத மகனுக்காக ஒரு தாய் அங்கே மெலிந்துகொண்டிருந்தார்.

இங்கே ரஞ்சனும் மெலிந்துகொண்டிருந்தார். அடுத்த பனிக்காலத்தில் சில்லுக்கதிரை வந்தது. படுக்கும்போது மூச்சுமுகமூடி (மூக்கையும் வாயையும் மூடி, இயந்திரத்தால் காற்றை உள்ளே தள்ளும் கருவி) வந்தது. அதைக் கண்டு நான் பயந்தேன். நீங்கள் பயப்பட வேண்டாம். அதைப் போட்டு நித்திரை கொண்ட மறுநாள் காலையில் தலைவலி நின்றது, முகம் தெளிந்தது, முக்கியமாக நாக்கும் கொஞ்சம் திரும்பிவந்தது. காலையில் ஒரு சிறிய பொழுதுக்கு அவர் பேச்சு விளங்கும். பத்து மணிக்குப் பிறகு எனக்கும் தாரணிக்கும் மட்டும்தான் விளங்கும்.

வசந்தகாலத்தில் அவரே முடிவெடுத்தார். குரல் முற்றாகப் போவதற்கு முன் அம்மாவிடம் தானே சொல்லப் போகிறேன் என்றார். குடிக்கவில்லை, இதுதான் வருத்தம், இதற்கு மருந்தில்லை என்று. கலாவும் ஒத்துக்கொண்டாள், அண்ணா தன் வாயால் சொல்வதென்றால் சரி, நான் பக்கத்தில் இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எங்கிருந்து சொல்வது என்று கேட்டேன். கதிரையில் இருந்து என்றார். சில்லுக்கதிரையைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். அவர் ஏரியைச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் தாதி இதைக் கேட்டு வாயடைத்துப்போனார். வைத்தியரிடம் கேட்டோம். ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன், போகவேண்டாம் என்றும் சொல்லமாட்டேன் என்றார் அவர். மிதப்புச் சட்டை போட வேண்டும், காற்றில்லாத நாளாக இருக்க வேண்டும், இரண்டு பேர் தண்ணீரில் கூடவே நிற்க வேண்டும், கொஞ்ச நேரம்தான். ஒருவர் ஓலாவ்: ரஞ்சனுக்கு இந்த மிதவையைப் பழக்கிய பழைய பேருந்து ஓட்டுநர், எங்கள் ரகசியம் தெரிந்த ஒரே நண்பர். மற்றவர் நான். தனியே இறங்கக்கூடாது என்று வைத்தியர் சொன்ன முந்திய கோடையிலேயே எனக்கும் ஒரு மிதவை வாங்கியிருந்தோம். கடற்கரையில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் நனையாத ஆள் நான். பயத்தோடு பழகினேன். பழகியபின், அவரை விடவும் கூட மீன் எனக்குத்தான் அகப்பட்டது. அதை அவர் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வார்.

அந்த ஞாயிறு காலை ஏரியில் ஒரு சுருக்கமும் இல்லை. ஓலாவும் தாரணியும் அவரைத் தூக்கி மிதவையில் இருத்தினார்கள். நான் என் மிதவையில் முன்னே போய், அவருடைய மிதவையைக் கயிற்றால் என்னோடு கட்டி இழுத்தேன். ஓலாவ் மறுபக்கம் வந்தார். தாரணி கரையில் நின்றாள். ஆம்பல் இலைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். தண்ணீர் அவருடைய உடம்பைத் தாங்கிக்கொண்டது. வீட்டில் ஒரு பக்கம் சரியும் தோள் நேராக நின்றது. செயலற்ற கால்கள் மற்ற எல்லோருடைய கால்களையும் போலத் தண்ணீருக்குள் தொங்கின. நோய் வருவதற்கு முன் இருந்த என் மனிதர் அங்கே இருந்தார். பார்க்கப் பார்க்க நெஞ்சு வலித்தது.

ஓலாவ் தூண்டிலை வீசி, பிடியை அவர் மடியில் வைத்தார். நான் தொலைபேசியை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தேன். அவர் சொல்லப்போகும் வசனம் எனக்கு மனப்பாடம். குளியலறையில் வைத்து அவரைக் கழுவும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பழகினார். மூச்சுக்குத் தக்கபடி மூன்றாக வெட்டி வைத்திருந்தார். அம்மா, எனக்கு ஒரு வருத்தம். சுகப்படுத்தேலாது. நான் ஒருநாளும் குடிக்கேல்லை.

ஊரில் அப்போது வெயில் ஏறியிருந்தது. மாமியின் நெற்றி தெரிந்தது. பிறகு கலா தொலைபேசியைச் சரித்துப் பிடிக்க முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“எங்கையடா நிக்கிறாய்? தண்ணிக்குள்ளயோ?” என்றார் மாமி.

“ஏரியில, அம்மா. மீன் பிடிக்கிறன்.”

மாமி திரைக்கு மிகக் கிட்ட வந்தார். ஒரு கண் மட்டும் தெரிந்தது. நெடுநேரம் பார்த்தார். “முகம் தெளிஞ்சு கிடக்கு” என்றார். “கதையும் தெளிவாக் கிடக்கு. இண்டைக்குக் குடிக்கேல்லையோ, ராசா?”

ரஞ்சன் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.  இப்போது சொல்லப்போகிறார் என்று நான் தொலைபேசியை அவருக்கு இன்னும் கிட்டப் பிடித்தேன்.

“இல்லை, அம்மா” என்றார். ஒரு மூச்சு எடுத்தார். “குடியை விட்டிட்டன்.”

மாமி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்தினார். அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்பது மட்டும் கேட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் திரும்பி, பாரைமீன் வந்திருக்குமோ, ஆரையாவது விட்டு வாங்குவிப்பம் என்றார். எதிரே கலாவின் முகம் ஒருமுறை தெரிந்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள். அழைப்பு முடிந்தது.

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடமாக அந்தப் பேச்சுகளைத் தலையைக் குனிந்து வாங்கிய மனிதர், சொல்லிவிடக் கிடைத்த ஒரே காலையில் அவற்றை எல்லாம் உண்மையாக்கிவிட்டார். நீங்கள் குடிகாரனாகவே சாகப்போறியளோ என்று கேட்டேன். தாரணிக்குக் கேட்கட்டும், ஓலாவுக்கு விளங்காவிட்டால் போகட்டும் என்று கேட்டேன். இனி எப்ப சொல்லப் போறியள், எந்த வாயால சொல்லப் போறியள் என்று கேட்டேன்.

அவர் நான் ஓயும்வரை பொறுத்தார். பிறகு இடைவெளி விட்டு, இடைவெளி விட்டுச் சொன்னார். “வருத்தம் எண்டு சொன்னா, அதுக்கும் அவ மீனை விடுவா. குடியெண்டா விட்டிட்டன் எண்டு சொல்லலாம், வதனி. இதை நான் எப்பிடி விடுறது?”

 அவர் மடியில் இருந்த தூண்டில் அந்த நேரம் பார்த்து வளைந்தது. சுருளைச் சுற்ற அவர் விரல்களுக்குப் பலமில்லை. நான் எட்டி, அவருடைய கையின் மேல் என் கையை வைத்துச் சுற்றினேன். ஒரு நல்ல அப்போர். ஓலாவ் வலையால் அள்ளினார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, முள் பார்த்துப் பார்த்து எடுத்து, மசித்து, சொதியில் கரைத்து அவருக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போதும் கோபமாகத்தான் இருந்தேன்.

இலை உதிரத் தொடங்கியபோது குரல் போய்விட்டது. அதன் பிறகு எங்களோடு கருவியால் பேசினார். அது அவருடைய குரலில், சுத்தமான நொர்ஸ்கில், தண்ணீர் வேண்டும் என்றும் யன்னலைத் திற என்றும் சொல்லும். என் பெயரை மட்டும் பிழையாக உச்சரிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாமியோடு பேசினேன். ரஞ்சனுக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது, ஞாயிறும் வேலை என்றேன். சில நாள், வேலைக்கு வெளிக்கிடுகிறார் என்று நான் சொல்ல, தூரத்தில் இருந்து கைகாட்டுவார். கையை நான்தான் தூக்கிப் பிடிப்பேன். மாமியின் கன்னம் நிரம்பியிருந்தது. குடியை விட்டதும் பிள்ளை உழைப்பில் கவனமாகிவிட்டான் என்று அயலெல்லாம் சொன்னாராம்.

தொண்டையில் துளையிட்டு இயந்திரத்தால் மூச்சு விட்டு வாழும் வழியும் உண்டு என்று வைத்தியர் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரஞ்சன் வேண்டாம் என்றார். அந்த முடிவோடு நானும் தாரணியும் அழுது, சண்டை பிடித்து, பிறகு இணங்கினோம். வேறு குடும்பம் வேறு முடிவு எடுக்கலாம். அதில் சரி பிழை இல்லை. மூச்சுத்திணறிச் சாவார் என்றுதான் நான் அதிகம் பயந்தேன். அப்படி நடக்கவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகல்பொழுது, மருந்தின் அமைதியில் இருந்தார். நான் அவருடைய கைநகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். இடது கையை முடித்து வலது கையை எடுத்தபோது மூச்சு நின்றிருந்தது. மூச்சுமுகமூடியின் இயந்திரம் மட்டும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத் தோன்றாமல் மிச்ச நகங்களையும் வெட்டி முடித்தேன்.

ஒஸ்லோவில் உள்ளவர்களுக்கு அஞ்சலிக் கூட்டத்தில்தான் உண்மை தெரிந்தது. தாரணி எழும்பி நோயின் பெயரைச் சொன்னாள். அன்று பிறந்தநாள் விழாவில் கோப்பையை வாங்கியவரும் வந்திருந்தார். சாப்பாடு சமைத்துக்கொண்டு இருமுறை வீட்டுக்கு வந்தார். பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர்மீது எனக்கு இன்னும் கோபம்தான். திருகோணமலையில் கலா மாமியிடம் மாரடைப்பு என்று சொன்னாள். ஊருக்கும் அதுதான் செய்தி. ஒஸ்லோவில் இருந்து உண்மையைக் கேள்விப்பட்ட ஓரிருவரையும், மாமியின் காதில் போடவேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

என் உடம்பு இன்னும் பழைய வேலையில்தான் இருக்கிறது. அவரைப் புரட்டிவிட வேண்டிய நேரங்களில் தானாக எழும்புகிறது. இயந்திரம் தள்ளியதும் இழுத்ததுமான அந்தத் தாளத்தில்தான் மூச்சு வாங்குகிறேன். அதைவிட வேகமாக மூச்சு விட்டால் யாரையோ முந்துவது போல இருக்கிறது. சோற்றை விழுங்கும்போது விழுங்குவதை உணர்கிறேன். முன்பு அப்படி ஒரு வேலை நடப்பதே தெரியாது. நாட்கள் கிழமைப்படி வருவதில்லை. குரல் இருந்த காலம், குரல் போன காலம் என்றுதான் வருகின்றன. எது எந்த வருடம் என்று தாரணியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் செய்தே தீருவது என்று இருந்தேன். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் மாமியிடம் உண்மையைச் சொல்வது. என் மனிதர் குடிகாரர் அல்ல. அந்தப் பெயர் அவரைப் பெற்றவளின் வாயில் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பிரஷர் ஏறினால் ஏறட்டும் என்றுகூட நினைத்தேன். அந்த ஞாயிறு மாமியை வீடியோவில் கூப்பிட்டேன். தாரணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மாமி அழுது முடித்த முகத்தோடு இருந்தார். நான் தொடங்குவதற்கு முன் அவர் தொடங்கினார். பிள்ளையை வாயில் வந்தபடி எல்லாம் ஏசிவிட்டேன் என்றார். பெற்ற தாய் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன், ஆனால் அந்தப் பேச்சில்தானே அவன் திருந்தினான் என்றார். அதை நினைத்துத்தான் இரண்டு வாய் சோறு தின்கிறேன் என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சொல்லப்போவது நோயின் பெயரை மட்டும் அல்ல. ஏசியதெல்லாம் சாகிற பிள்ளையைத்தான் என்றும் சேர்த்துச் சொல்லப்போகிறேன்.

“பிள்ளை, ஒண்டு சொல்லு” என்றார் மாமி. “கடைசிவரைக்கும் அவன் திருப்பித் தொடேல்லைத்தானே?”

“தொடேல்லை, மாமி.”

“என்ர சொல்லுக்காகத்தானே விட்டவன்?”

தாரணி என் கையைப் பிடித்தாள். சொல் என்று பிடித்தாளா, சொல்லாதே என்று பிடித்தாளா என்று இன்றுவரை நான் அவளைக் கேட்கவில்லை.

“ஓம் மாமி” என்றேன். “உங்கட சொல்லுக்காகத்தான் விட்டவர்.”

என் நாக்கு ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.